ஏழாம் மாசத்து ஜாமீன்

பெத்த தாய் போட்ட போலீஸ் ரிப்போர்ட்டை எதிர்த்துத்தான் முதன்முதலாகக் கோர்ட்டில் நிற்க வேண்டும் என்று ரமணியின் தலையில் எழுதியிருந்தது. கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு கிள்ளான் மாஜிஸ்திரேட் கோர்ட்டின் படியை அவள் ஏறியபோது, இராஜம்மா வராந்தா பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. இடது கையில் ஃபிளாஸ்க்.

"மைலோ கொண்டாந்தேன். உள்ள குடுக்கச் சொல்லுடி. புள்ளத்தாச்சி வயிறு காயக்கூடாது."

"உள்ள வெச்சதே நீதானம்மா."

"நானா வெச்சேன்? ரிப்போர்ட்டுதான் போட்டேன். ரெண்டு அதட்டு அதட்டி அனுப்பிடுவாங்கன்னு பாத்தேன். இப்புடி ராத்திரி பூரா லோக்காப்புல போடுவானுங்கன்னு யாரு கண்டா?"

இதுதான் போர்ட் கிள்ளான் புத்தி. பக்கத்து வீட்டுக்காரன் தண்ணீரைத் திருப்பி விட்டால் ஒரு ரிப்போர்ட். மருமகன் குடித்துவிட்டுக் கதவை உதைத்தால் ஒரு ரிப்போர்ட். பாலாய் என்கிற போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் போலீஸ்காரரிடம் ஒப்பாரி வைத்துவிட்டு, கொடுத்த நகலை நாலாக மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைப்பார்கள். அது அங்கே இருக்கிறது என்பதே எதிராளிக்குப் போதும். கேஸ், கோர்ட்டு என்று அது நடக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. தெருவில் யாருக்கும் தெரியாது. சட்டம் படித்த மகள் வீட்டில் இருக்கிறாள் என்ற தைரியத்தில் இராஜம்மா இந்த முறை மாவுக்கட்டையும் காட்டிவிட்டு வந்திருந்தாள். போலீஸ் அதை 'வேண்டுமென்றே காயம் விளைவித்தல்' என்று எழுதிக்கொண்டு, நேற்று மாலை ஜீப்பில் வந்து மருமகளை ஏற்றிக்கொண்டு போனது. ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய புருஷன், ரமணியின் அண்ணன் அய்யாவு, ஜொகூருக்கு லோரி ஏற்றிக்கொண்டு போயிருந்தான். இன்று விடிந்துதான் வந்து சேர்ந்தான். இப்போது தாய்க்குப் பக்கத்தில், கழுவாத முகத்தோடு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சண்டை மோட்டார் சைக்கிளால் வந்தது. மருமகள் சீதாலெட்சுமி கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை செய்கிறாள். துறைமுகத்துக்கும் சுங்க ஆபீஸுக்கும் காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்கி வர வேண்டும். அதற்கு ஒரு சின்ன ஹோண்டா. லைசென்ஸ் இருக்கிறது, ஹெல்மெட் இருக்கிறது, ஏழு மாச வயிறும் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்து போனது. டாக்டர் ஒரு காரணமும் சொல்லவில்லை. காரணம் இல்லாமல் ஒரு பிள்ளை சாகுமா என்று இராஜம்மா தேடி, வண்டியின் குலுக்கலைக் கண்டுபிடித்தாள். இந்த முறை வயிறு மேடு தட்டியதும் சாவியை ஒளித்தாள். சீதாலெட்சுமி கையை மடக்கிப் பிடுங்கினாள். இராஜம்மா அடுப்படிப் படியில் சறுக்கிக் கை ஊன்றி விழுந்தாள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ரமணி வேலை பழகும் ஆபீஸின் பெரியவர் தியாகராசா, காலையில் அவளைப் பார்த்து மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "பிள்ளை, முறைப்பாடு வெச்சது உம்மட தாயார். நீர் எழும்பாமல் விடுறதுதான் நல்லம். ஆனா எனக்கு ஹை கோர்ட்டில வழக்கு, வேற ஆளும் இல்லை. போம். ஜாமீனை எடும், வாயை மூடும், வாரும்."

ஜாமீனை எடுப்பது சிரமமில்லை என்றுதான் ரமணியும் நினைத்தாள். கொலையா, கொள்ளையா? மாமியாரும் மருமகளும் ஒரு சாவிக்கு இழுத்துக்கொண்ட கேஸ்.

மாஜிஸ்திரேட் நல்ல மனிதர். அதுதான் வினையாகப் போனது. அதட்டுகிறவராக இருந்தால் எதிர்த்துப் பேசிவிடலாம். இவர் கூண்டில் நின்றவளின் வயிற்றைப் பார்த்ததும் உட்கார நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், கேஸ் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். முதல் பிள்ளை இறந்ததை இராஜம்மா ரிப்போர்ட்டில் சொல்லியிருந்தாள். அந்த இடத்தில் அவர் விரல் நின்றது.

"ஐந்நூறு வெள்ளி ஜாமீன் தொகை, ஒரு ஜாமீன்தாரர்" என்றார். ரமணி தலை வணங்கப் போனாள். அவர் முடிக்கவில்லை.

"சில நிபந்தனைகள். பிரசவம் வரைக்கும் இவர் கணவர் வீட்டிலேயே இருக்க வேண்டும். கிளினிக்கைத் தவிர வேறு எங்கும் போகக் கூடாது. வேலைக்குப் போகக் கூடாது. மோட்டார் சைக்கிளைத் தொடக் கூடாது. வாரா வாரம் கிளினிக் அட்டையைப் போலீஸில் காட்ட வேண்டும். இதையெல்லாம் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் இப்போதே வீட்டுக்குப் போகலாம்."

கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் ஜெயராஜ், கிராம்பை மென்றபடி, ஒன்று விடாமல் தமிழில் சொன்னார். பின் பெஞ்சில் இராஜம்மா மாவுக்கட்டையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

ரமணிக்குக் காதுமடல் சுட்டது. வாயை மூடு என்று தியாகராசா சொன்னது காற்றில் போனது.

"துவான், இது ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டிய குற்றம். ஜாமீன் இவருடைய உரிமை. அதில் நிபந்தனை விதிக்கச் சட்டத்தில் இடமில்லை. அரசியலமைப்பின் ஐந்தாவது பிரிவு, சட்டப்படி அல்லாமல் எந்த நபருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. இவர் வேலைக்குப் போனதும் வண்டி ஓட்டியதும் எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை."

"உயிர் என்றுதானே முதலில் சொல்கிறது?" அவர் கோபப்படவில்லை. "அந்த உயிரைத்தான் நானும் பார்க்கிறேன். உங்கள் கட்சிக்காரருக்குப் பேச நீங்கள் இருக்கிறீர்கள். வயிற்றில் இருப்பதற்கு யார் இருக்கிறார்?"

"அது ஐந்தாவது பிரிவு சொல்லும் நபர் இல்லை, துவான்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று தெரிந்தது. பின்னால் யாரோ 'ச்சு' கொட்டினார்கள். சீதாலெட்சுமியின் கை தன்னையறியாமல் வயிற்றுக்குப் போனது. அதை மாஜிஸ்திரேட்டும் பார்த்தார், ரமணியும் பார்த்தாள்.

எட்டாவது பிரிவை எடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். எல்லாரும் சமம், பாகுபாடு கூடாது. என்னென்ன பாகுபாடு கூடாது? சமயம், இனம், வம்சம், பிறந்த இடம். பல்கலைக்கழகத்தில் அந்த வரியை முதலில் படித்த அன்றே அவள் திரும்பத் திரும்பத் தேடியிருக்கிறாள். ஆண், பெண் என்ற பேச்சே அதில் இல்லை. மறந்துவிட்டார்களா, வேண்டாமென்று விட்டார்களா? இங்கே எடுத்தால் அவர் அமைதியாகப் புத்தகத்தைத் திறந்து அந்த வரியை வாசித்துக் காட்டுவார்.

அவள் அண்ணன் தூக்கம் இல்லாமல் ஜொகூருக்கு லோரி ஓட்டுகிறான். பாதி வழியில் கண் அசந்தால் இந்தப் பிள்ளைக்கு அப்பன் இல்லை. அவனை வீட்டில் உட்கார வை, வாரா வாரம் பாலாயில் வந்து காட்டு என்று எந்தக் கோர்ட்டும் சொன்னதில்லை. அதையும் அவள் சொன்னாள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

"அவர் வயிற்றில் குழந்தை இல்லையே" என்றார் மாஜிஸ்திரேட். போலீஸ் தரப்பில் கேஸை நடத்திய இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கக் குனிந்தார். "நான் செய்தது தவறென்றால் ஹை கோர்ட்டு இருக்கிறது. கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்."

ஜெயராஜ் தாளை நீட்டினார். சீதாலெட்சுமி அதைத் தொடவில்லை.

"மாட்டேன்."

"அக்கா, போட்டுட்டு வீட்டுக்குப் போங்கலா" என்றார் ஜெயராஜ், மொழிபெயர்ப்பைவிட்டுத் தன் சொந்தக் குரலில்.

"மாட்டேங்கறேன்ல."

மாஜிஸ்திரேட் மணியைப் பார்த்தார். மதியம் இரண்டரைக்கு மறுபடி கூப்பிடுவதாகவும், அப்போதும் கையெழுத்து இல்லையென்றால் கஜாங் சிறைக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை என்றும் சொன்னார். வருத்தத்தோடுதான் சொன்னார்.

ரமணி வெளியே பொதுத் தொலைபேசியில் காசைப் போட்டுப் பிரிக்ஃபீல்ட்ஸைக் கூப்பிட்டாள். தியாகராசா அப்போதுதான் ஹை கோர்ட்டிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நிபந்தனை பிழைதான். மேல போனால் நிக்காது. ஆனா மேல போக நாள் எடுக்கும். அதுவரைக்கும் அந்தப் பிள்ளை கஜாங்கில கிடக்கோணும். உள்ளுக்க ஏதும் நடந்தால் உம்மட சட்டத்தை ஒருத்தரும் கேக்க மாட்டினம். ஒண்டு, கையெழுத்தை வெக்கச் சொல்லும். இல்லையெண்டால் உம்மட தாயாரைப் பிடியும். காயப்பட்ட ஆள் சமாதானம் எண்டு சொல்லி, கோர்ட்டும் சரியெண்டால், வழக்கே இல்லை. வழக்கில்லாட்டி ஜாமீன் ஏது, நிபந்தனை ஏது?"

"எங்கம்மாவா? அவங்க சந்தோஷமா இருக்காங்க சார். நேந்துக்கிட்டது நடக்காதுன்னு இன்னும் தெரியல, அவ்வளவுதான்."

"என்ன நேத்தி?"

எரிச்சலில்தான் அதைச் சொல்லியிருந்தாள். கேட்டதும் விளக்க வேண்டியதாயிற்று. துறைமுகத்துப் பக்கம் சாலையோரக் கோயிலில் சாமி வந்து ஆடுகிற ஒருவர், முதல் பிள்ளை போனது பாக்கி வைத்த நேர்த்தியால்தான் என்று சொல்லிவிட்டார். வயிற்றுப் பிள்ளையோடு தைப்பூசத்துக்குப் பத்துமலைப் படியேறிப் பால்குடம் எடுத்தால் இது தங்கும் என்று வாக்கு. நிறைமாசத்தில் மலைக்கோயில் ஏறக்கூடாது என்று தெருப் பெண்கள் தடுத்தும் இராஜம்மா கேட்கவில்லை. வண்டி குலுங்கினால் பிள்ளை போய்விடும், படியேறினால் தங்கும். தைப்பூசத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

மறுமுனையில் தியாகராசா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "பிள்ளை, ஐஞ்சை விடும். பதினொண்டைப் பிடியும். சமய சுதந்திரம். நேத்திக்கடனைக் கோர்ட்டுத் தடுக்குது எண்டு எழும்பிச் சொல்லும். பெம்பிளையின்ர சுதந்திரம் எண்டால் உங்களுக்கு வியாக்கியானம் சொல்லுவினம். சமயம் எண்டால் இந்த நாட்டில ஒரு மாஜிஸ்திரேட்டும் கை வைக்கப் பயப்படுவார்."

கெட்டிக்காரத்தனம்தான். ரமணிக்கு வாயில் கசந்தது.

லோக்காப் கம்பிக்கு அந்தப் பக்கம் சீதாலெட்சுமி சிமெண்ட் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. ரமணி இந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"போட்டா என்ன ஆகும், திரும்பச் சொல்லு."

"வீட்டுக்குப் போகலாம் அண்ணி. ஆனா பிரசவம் வரைக்கும் வெளிய வர முடியாது. மீறினா ஜாமீனை ரத்து பண்ணி கஜாங்."

"போடலன்னா?"

"கஜாங். இன்னிக்கே."

"ரெண்டுலயும் அடைப்புதான். அங்க உங்கம்மா இருக்க மாட்டாங்க." சிரித்தாள். சிரித்ததில் வயிறு பிடித்துக்கொண்டது போல, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ரமணி குரலைத் தாழ்த்தினாள். "நீங்க உறுதியா இருந்தா நான் ஹை கோர்ட்டுக்குப் போவேன். இது உங்க ஒருத்தர் கேஸு மட்டும் இல்ல. புள்ளத்தாச்சின்னு சொல்லி ஒரு பொம்பளைய அடைச்சு வெக்கலாமான்னு இந்த நாட்டுல யாரும் கோர்ட்டுல கேட்டதே இல்ல. கையெழுத்து போட்டுட்டீங்கன்னா, ஒத்துக்கிட்டீங்க, அப்புறம் என்ன குறைன்னு கேப்பாங்க. போடாம இருந்தா..."

"எத்தனை நாளு?"

"ரெண்டு வாரம். மூணு."

"மூணு வாரம் சிமெண்ட்டுல படுக்கறது யாரு?"

ரமணி அவள் வீங்கிய கணுக்காலைப் பார்த்தாள்.

"ஒனக்கு நல்ல கேஸு. எனக்கு முதுகு வலி." அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கடைக்காரன் விலை சொல்வது போலச் சொன்னாள்.

"அப்ப போட்டுடறீங்களா?"

"மாட்டேன். ஆனா ஒன்னோட கேஸுக்காக இல்ல." கம்பியைப் பிடித்து முன்னால் நகர்ந்தாள். "மொத புள்ளைக்கு அஞ்சாம் மாசத்துலேர்ந்து நான் வண்டியே தொடல. ஞாபகம் இருக்கா? நீ அப்ப ஹாஸ்டல்ல இருந்தே. உங்கம்மா சொன்னாங்கன்னு வேலையை விட்டுட்டுப் படுத்தே கெடந்தேன். திரும்பிப் படுக்கறதுக்கே பயந்துக்கிட்டு. படுத்த எடத்துலதான் அசைவு நின்னுச்சு. அப்புறமும் வண்டிதான்னு சொன்னாங்க. உங்கண்ணனும் இல்லன்னு சொல்லல. இந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டா, ஆமா, நான்தான் கொன்னேன், இனிமே செய்ய மாட்டேன்னு அர்த்தம். போடுவனா?"

ரமணிக்கு இது தெரியாது. வீட்டில் யாரும் இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. அவளாகப் போய் விசாரித்ததுமில்லை.

பதினொன்றாம் பிரிவைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னாள். சீதாலெட்சுமி முழுக்கக் கேட்டாள்.

"கோர்ட்டு படுங்குது. உங்கம்மா ஏறுங்குறாங்க. நடுவுல நீ எந்திரிச்சு, ஏறுறது இவ உரிமைன்னு பேசப் போறியா? என்னைக் கேட்டா நேந்துக்கிட்டாங்க? அதை எடுக்காதே ரமணி. ஜெயிச்சாலும் அதை எடுக்காதே."

"சரி அண்ணி."

"சரின்னா?"

"எடுக்க மாட்டேன்."

கோர்ட்டின் சாப்பாட்டுக் கந்தினில் இராஜம்மா மீ கோரெங் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இடது கையால் தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். அய்யாவு எதிரில். ரமணி நாற்காலியை இழுத்துப் போட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அம்மா, உள்ள வந்து சமாதானம்னு ஒரு வார்த்தை சொல்லு. கேஸு முடிஞ்சிடும். அண்ணி வெளிய வந்துடுவாங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? இல்லன்னா கஜாங் போவாங்க."

"போட்டுடுவா. பசிச்சா போட்டுடுவா." இராஜம்மா கோப்பையை வைத்தாள். "நான் வாபஸ் வாங்க மாட்டேன்டி. நான் கேட்டது ரெண்டு அதட்டு. அந்தத் துவான் அதுக்கு மேலயே குடுத்திருக்காரு. வண்டி இல்ல, வேலை இல்ல, வீட்டுலயே இருன்னு. பெத்த அப்பன் சொல்லுவானா இப்புடி? ஒரு புள்ளையை என் கையால துணியில சுத்தி எடுத்துக்கிட்டுப் போனேன். நீ காலேஜுல இருந்தே. ஒனக்குத் தெரியாது அது எவ்வளவு கனம்னு."

அம்மாவின் கண் வறண்டிருந்தது. அழுதிருந்தால் சண்டை போட எளிதாக இருந்திருக்கும்.

"போட்டுடச் சொல்லு ரமணி" என்றான் அய்யாவு. "ரெண்டு மாசந்தானே."

"அண்ணே, ஒங்க லோரி லைசென்ஸை ரெண்டு மாசம் பாலாய்ல குடுத்து வெப்பீங்களா?"

"அது சோறுலா."

"அவங்களுக்கு மட்டும் அது என்ன, வெளாட்டா? அஞ்சாம் மாசத்துலேர்ந்து படுத்துக்கெடந்தாங்கன்னு ஒங்களுக்குத் தெரியும். ஒரு தடவையாவது வாயைத் தெறந்து சொன்னீங்களா?"

அய்யாவு தாயைப் பார்த்தான். தாய் தேநீரைப் பார்த்தாள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு தாண்டியிருந்தது. ரமணி எழுந்தாள். எழுந்தவள் சொன்னாள், "தைப்பூசத்துக்கும் அவங்களைக் கூட்டிக்கிட்டுப் போக முடியாது. தெரியும்ல?"

"ஏன்?"

"கிளினிக்கைத் தவிர எங்கயும் போகக் கூடாதுன்னு சொன்னாரே. ஜெயராஜ் தமிழ்லதான் சொன்னாரு."

"சாமி காரியத்துக்குமா?"

"அவர் சொன்னதுல சாமி இல்லம்மா."

இராஜம்மா முதன்முறையாகக் கலங்கினாள். அப்புறம் கையை அசைத்து அதைத் தள்ளினாள். "மறந்திருப்பாரு. வேற இனத்து மனுஷன், அவருக்கு எப்புடித் தெரியும்? கேட்டா விடுவாரு. நானே கேக்குறேன்."

அவர் என்ன சொல்வார் என்று ரமணிக்குத் தெரியும். கேட்காதே என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சீதாலெட்சுமிக்குக் கொடுத்த வாக்கை அவள் மீறவில்லை, அந்தப் பிரிவை அவள் எடுக்கப் போவதில்லை. அம்மா தானாகக் கேட்டால் அதற்கு அவள் என்ன செய்ய? இப்படியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொள்ளத் தனக்கு இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதே என்று கோட்டை மாட்டிக்கொண்டே நினைத்தாள்.

இரண்டரைக்குக் கேஸைக் கூப்பிட்டார்கள். மாஜிஸ்திரேட் ரமணியைப் பார்த்தார். ரமணி வாயைத் திறப்பதற்குள் பின் பெஞ்சில் மாவுக்கட்டு உயர்ந்தது.

"துவான், ஒரு வார்த்தை."

இன்ஸ்பெக்டர் உட்காரச் சொல்லிக் கை காட்டினார். மாஜிஸ்திரேட் பேசவிடச் சொன்னார். இராஜம்மா முன்னால் வந்து நின்று, நேர்த்தியைப் பற்றி, சாமி வாக்கைப் பற்றி, பத்துமலையைப் பற்றி எல்லாம் சொன்னாள். ஒரு நாள் மட்டும் விட்டுக் கொடுக்க வேண்டும், தானே கூடப் போய்ப் பத்திரமாகக் கூட்டி வருவதாகச் சொன்னாள். ஜெயராஜ் கிராம்பை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார். நடுவில் ஒரு இடத்தில் அவரே நிறுத்தி, "எட்டு மாசத்துலயா ஆன்டி?" என்று கேட்டுக்கொண்டார்.

மாஜிஸ்திரேட் பேனாவை வைத்தார்.

"அந்தப் படி முழுவதும்? வெறுங்காலில், தலையில் குடத்தோடு, அந்தக் கூட்டத்தில்?"

"ஆமா துவான். புள்ளைக்காகத்தான்."

அவர் கேஸ் காகிதத்தை மறுபடி புரட்டினார். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"இந்த வீட்டில் இவரை விடுவதே சரியா என்று இப்போது யோசிக்கிறேன். சமூகநல இலாகாவின் இல்லம் ஏதாவது இருக்குமா? பிரசவம் வரைக்கும் அங்கே வைத்தால் இரண்டு பக்கத் தொந்தரவும் இருக்காது."

இதை ரமணி கணக்கில் எடுக்கவில்லை. அவர் நேர்த்திக்கு மறுப்புச் சொல்வார், அம்மா இறங்கி வருவாள், அதோடு முடியும் என்று நினைத்திருந்தாள். நல்லெண்ணம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும் என்று நினைக்கவில்லை. கூண்டில் சீதாலெட்சுமி எழுந்து நின்றாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"துவான்" என்றாள் ரமணி. "என் கட்சிக்காரர் இங்கேதான் நிற்கிறார். காலையிலிருந்து அவரிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இப்போது அவரை மூன்றாவது இடத்துக்கு அனுப்பப் பார்க்கிறோம்."

"உங்கள் முறை வரும், மிஸ்."

இராஜம்மா ஜெயராஜின் சட்டைக் கையைப் பிடித்தாள். "என்ன சொல்றாரு? விடுறாராமா?"

ஜெயராஜ் தயங்கினார். "ஒங்க வீடே சரியில்லைங்கறாரு ஆன்டி. அவங்களை வேற எங்கயோ கொண்டுபோய் வெக்கணுமாம்."

"என் வீடா?"

"ஆமா."

"என் மருமவளையா?"

இராஜம்மா மாஜிஸ்திரேட்டைப் பார்த்தாள். கும்பிட்ட அதே மனிதரைத்தான் பார்த்தாள். "அப்ப எனக்கு இந்தக் கேஸு வேணாம். நான் சமாதானம். எழுதிக்கங்க. கை தானாத்தான் சறுக்குச்சு."

ரமணி அந்த வார்த்தை தரையில் விழுவதற்குள் பிடித்தாள். "துவான், காயப்பட்டவரே சமாதானம் என்கிறார். இந்தக் குற்றத்துக்கு அது போதும். துவானின் சம்மதம் மட்டும் வேண்டும். கேஸ் இல்லையென்றால் இந்தக் கோர்ட்டுக்கு இவரிடம் வேறு வேலை இல்லை. இல்லத்துக்கு அனுப்பவும் அதிகாரம் இல்லை."

மாஜிஸ்திரேட் இராஜம்மாவிடம் குனிந்தார். "வக்கீல் உங்கள் மகள் என்று தெரிகிறது. அவர் வற்புறுத்தியதால் சொல்கிறீர்களா?"

ஜெயராஜ் மொழிபெயர்த்தார். இராஜம்மாவுக்கு அவமானமாகிவிட்டது. "இவ பேச்சை நான் என்னிக்குக் கேட்டிருக்கேன்?"

கோர்ட்டில் எழுந்த சிரிப்பில் மாஜிஸ்திரேட்டும் சேர்ந்துகொண்டார். சிரிப்பு அடங்கிய பிறகு கூண்டிலிருந்தவளை நீண்ட நேரம் பார்த்தார். இன்ஸ்பெக்டர் ஆட்சேபம் இல்லை என்றார். மனமில்லாமல்தான் மாஜிஸ்திரேட் சம்மதம் எழுதினார்.

"விடுவிக்கப்படுகிறார். மிஸ், உங்கள் ஐந்தாவது பிரிவைப் பற்றி நான் முடிவு சொல்ல வேண்டிய அவசியம் இப்போது இல்லை."

அவசியம் இருக்கிறது, துவான். நீங்கள் காலையில் சொன்னதை நாளைக்கு வேறொரு கூண்டில் வேறொருத்தியிடம் சொல்வீர்கள், அவளுக்குப் பத்துமலையும் இருக்காது, கோபக்கார மாமியாரும் இருக்க மாட்டாள். இதை அவள் சொல்லவில்லை. தலை வணங்கிவிட்டு உட்கார்ந்தாள். கோப்பை மூடிக் கட்டினாள்.

சீதாலெட்சுமி வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. லோக்காப்பில் வாங்கி வைத்த கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள். அய்யாவு எதிரில் போய் நின்று பையை வாங்கக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"வண்டியை எடுக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு" என்றாள் இராஜம்மா. குரலில் அதிகாரம் பாதிதான் மிச்சமிருந்தது.

"சொல்ல மாட்டேன்."

"பால்குடம்?"

"அதையும் சொல்ல மாட்டேன் அத்தை. எடுப்பேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. மொதல்ல என்னைக் கேளுங்க. அப்புறம் சாமிகிட்டப் பேசுங்க."

"லோரி நிக்குது, ஏறு" என்றான் அய்யாவு.

"நீங்க வீட்டுக்குப் போங்க. ராத்திரி பூரா ஓட்டியிருக்கீங்க, போய்த் தூங்குங்க." அவள் ரமணியைப் பார்த்தாள். "கேஸு இல்லைல்ல? எங்க போறேன்னு யாருக்கும் சொல்ல வேண்டியதில்லையே?"

"இல்ல அண்ணி."

அவள் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். இராஜம்மா ரமணியின் தோளை இடித்தாள். "எங்கடி போறா? போய்க் கேளுடி."

ரமணி பின்னால் போனாள். கேட்பதற்காகத்தான் போனாள். எட்டிப் பிடித்தபோது பஸ் வந்துவிட்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஜன்னலெல்லாம் கடகடக்க வந்து நின்ற அந்தப் பஸ்ஸைப் பார்த்ததும் அவள் வாய் தானாகத் திறந்தது.

"அண்ணி, இது ரொம்பக் குலுங்கும். டாக்சியில..."

படியில் ஒரு காலை வைத்திருந்த சீதாலெட்சுமி கம்பியைப் பிடித்தபடி திரும்பினாள். கோபம் இல்லை. அடுத்து என்ன சொல்லப் போகிறாய் என்று காத்திருக்கிற முகம்.

"ஒண்ணுமில்ல" என்றாள் ரமணி. "போயிட்டு வாங்க."

பஸ் கிளம்பியது. இராஜம்மா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். "எந்த பஸ்ஸுடி அது? சாலாக் செலாத்தான்ல அவ அம்மா வீட்டுக்குப் போறாளா? இல்ல அந்த ஆபீஸுக்கா? நம்பரைப் பாத்தியா?"

நம்பர் இன்னும் தெளிவாகத் தெரிந்துகொண்டிருந்தது. பஸ் சந்து திரும்பும் வரைக்கும் ரமணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாக்கலம்மா" என்றாள்.